வீட்டில் உருவாகும் இசைக்கலவை

முன்னாளில் ஒரு பாடலை இசைத்தட்டில் ஏற்ற விரும்பியவர் ஒலிப்பதிவுக்கூடத்தின் வாயிலிற் காத்திருக்க வேண்டும். இன்றோ, கணினியும் ஒலிவாங்கியும் உடைய இளைஞன் குரலையும் வாத்தியங்களையும் தனித்தனியே பதிந்து, தன் அறையிலேயே ஒன்றாகக் கலந்துவிடுகின்றான். ஆயினும், அங்கே இனிமையாக ஒலித்த பாடல் நண்பனின் மோட்டார் வண்டியில் அடித்தொனி மிகுந்து குழம்புகின்றது. குரலிலே குறையில்லை, கேட்போரோ பாதியில் நிறுத்திவிடுகின்றனர். அவன் விலையுயர்ந்த கருவிகளைத் தேடி ஓடுகின்றான். குற்றம் பெரும்பாலும் கருவியில் அன்று, அறையிலும் செவியிலுமே உள்ளது.

ஒலி விநாடிக்கு ஏறத்தாழ 343 மீற்றர் செல்லும். ஆதலால், மூன்றரை மீற்றர் இடைவெளியில் எதிரெதிரே நிற்கும் இரு சுவர்களுக்கிடையே, விநாடிக்கு 50 அதிர்வுகள் அளவான தாழ்ந்த ஒலி முன்னும் பின்னும் மோதி நிலையலையாக நின்றுவிடுகின்றது. சுவரோரத்தில் அது முழங்கும். நடுவிலோ ஏறக்குறைய மறைந்துபோகும். நடுவில் அமர்ந்தவன், அடித்தொனி போதாதென எண்ணி அதனைக் கூட்டுகின்றான். வண்டியிற் கேட்ட குழப்பம் இதன் விளைவே. சுவரெங்கும் முட்டை அட்டைகளை ஒட்டுவோரும் உளர். அது வீண் வேலை. தாழ்ந்த ஒலியை அவை தடுப்பதில்லை. இருக்கையை நடுவிலிருந்து சற்று நகர்த்துதலும், மூலைகளில் தடித்த பஞ்சுப் பொதிகளை நிறுத்துதலும் அதனினும் பயன்தரும்.

செவியின் இயல்பு வேறு. ஒலி தணியுந்தோறும் செவி தாழ்ந்த சுரங்களையே மிகுதியாக இழக்கின்றது என்பதை அமெரிக்காவின் பெல் ஆய்வுகூடத்தைச் சேர்ந்த பிளெட்சரும் மன்சனும் 1933 இல் அளந்து காட்டினர். உரக்க ஒலிக்கும் எந்தக் கலவையும் நிறைவுடையதாய்த் தோன்றுவது இதனாலேயே. இருவர் உரையாடும் அளவிலே கேட்டுக் கலப்பது நன்று. இடையிடையே மேலும் தணித்துக் கேட்டு, அப்பொழுதும் பாட்டின் சொற்கள் விளங்குகின்றனவா என்று நோக்கவேண்டும்.

விளங்காவிடின் குரலை உயர்த்துவதே பலரின் வழக்கம். பின்னர் ஆர்மோனியம் அமுங்கியதென அதனை உயர்த்துவர், அதன்பின் மிருதங்கத்தை. முடிவில் எல்லாம் உரத்து, எதுவும் கேளாது போகும். குரலின் தெளிவு பெரிதும் தங்கியுள்ள 2000 முதல் 4000 அதிர்வுகள் வரையான பகுதியில் ஆர்மோனியத்தைச் சிறிது குறைத்தாலே குரல் தானே வெளிப்படும்.

பில்லி ஐலிஷ் என்னும் அமெரிக்கப் பாடகியின் முதல் இசைத்தொகுப்பு 2019 இல் வெளிவந்து, 2020 இல் ஆண்டின் சிறந்த தொகுப்புக்கான கிராமி விருதைப் பெற்றது. அது பெரும்பாலும் லொஸ் ஏஞ்சல்ஸ் நகரில் அவருடைய தமையனின் படுக்கையறையிற் பதிவானது. வீட்டிற் பதிவு செய்வோர் இதனைப் பெருமையுடன் எடுத்துரைப்பர். ஆனால், கலவையைச் செய்தவர் ரொப் கினெல்ஸ்கி என்னும் பிறிதொருவர் என்பதை அவர்கள் சொல்வதில்லை! அத்தகைய துணை கிட்டாதவன், செவிக்கு ஓரிரவு ஓய்வளித்து மறுநாட் காலையில் மீண்டும் கேட்கலாம். பாட்டை முன்பு கேளாத அயலார் ஒருவரை அழைத்து, அவருக்குச் சொற்கள் விளங்குகின்றனவா என்றும் வினவலாம்.