சிறுநீர்ப்பைச் சோதனையும் நோயாளியின் அச்சமும்



மார்பு வலி என்றால் வீடே கூடி ஆலோசிக்கும். சிறுநீர் தடைப்படுகிறது என்றாலோ, தும்மும்போது கசிகிறது என்றாலோ, அதைக் கட்டிய கணவனிடமும் மனைவியிடமும் சொல்வதற்கே சிலருக்கு ஆண்டுகள் பல ஆகின்றன. இவ்வாறு நெடுநாள் மறைத்து வைத்ததை ஒரு நாள் மருத்துவமனையில் அந்நியர் முன்னிலையில் செய்து காட்ட வேண்டியிருக்கிறது. யூரோடைனமிக்ஸ் என்னும் சிறுநீர்ப்பைச் சோதனையில் நோயாளி படும் துன்பத்தின் பெரும்பகுதி இதுவே என்பது என் கருத்து. குழாயினால் உண்டாகும் நோவு அதற்கு அடுத்தபடிதான்.

டில்லியில் மகனுடன் வசிக்கும் தமிழ்ப் பெரியவர் ஒருவரைச் சில ஆண்டுகளுக்கு முன் இச்சோதனைக்காக எங்களிடம் அனுப்பினார்கள். வயது 68. சிறுநீர் மெலிந்து வந்தது. இரவில் நான்கைந்து முறை எழ வேண்டியிருந்தது. நீண்ட கால நீரிழிவும் இருந்தது. பிராஸ்டேட் சுரப்பி பருத்து வழியை அடைக்கிறதா, அன்றி நீரிழிவினால் நரம்பு கெட்டுச் சிறுநீர்ப்பை சுருங்கும் வலிமையை இழந்துவிட்டதா என்பதே வினா. நோயாளி கூறும் குறைகள் இரண்டிலும் ஏறக்குறைய ஒன்றாகவே இருக்கும். முன்னதாயின் அறுவைச் சிகிச்சை நல்ல பயன் தரும். பின்னதாயின் அறுத்தும் பயன் பெறுவது அரிது.

சோதனை நடக்கும் முறை இது. முதலில் நோயாளி நிறைந்த பையுடன் வந்து, ஓர் அளவுகருவியில் தனியே சிறுநீர் கழிக்க வேண்டும். பின்னர், ஏறக்குறைய 2 மில்லிமீட்டர் பருமனுள்ள மெல்லிய குழாயைச் சிறுநீர் வழியாகப் பைக்குள் செலுத்துவார்கள். மரத்துப்போகச் செய்யும் களிம்பை முன்னதாகவே இடுவதுண்டு. மற்றொரு சிறு குழாய் ஆசனவாயில் வைக்கப்படும். பலரையும் திடுக்கிடச் செய்வது இந்த இரண்டாவது குழாய்தான். அது ஏன் என்று யாரும் அவர்களுக்குச் சொல்வதில்லை. இருமினாலும் முக்கினாலும் வயிற்றின் அழுத்தம் பையின் மேல் ஏறும். அந்த அழுத்தத்தைத் தனியே அளந்து கழித்தால்தான் பையின் தசை செய்யும் வேலை இவ்வளவு என்று தெரியவரும். இதன்பின் உப்பு நீரைச் சிறுகச் சிறுகப் பைக்குள் விடுவார்கள். உணர்வு எப்போது தோன்றுகிறது, அடக்க முடியாமல் எப்போது முட்டுகிறது என்று நோயாளியே சொல்ல வேண்டும். ஆகவே மயக்க மருந்து கொடுப்பதற்கில்லை. இறுதியில் குழாய் இருக்கும்போதே சிறுநீர் கழிக்கச் சொல்வார்கள்.

நம் பெரியவருக்கு இவற்றுள் ஒன்றும் தெரியாது. குழாய் கைவிரல் பருமன் இருக்கும் என்று எவரோ கூறியதை நம்பி இரவெல்லாம் உறங்கவில்லை. காலை முதல் ஒரு வாய்த் தண்ணீரும் அருந்தவில்லை. அதனால் முதற்படியான அளவையே எடுக்க இயலவில்லை. குழாய்களை வைத்து நீரை நிரப்பிக் கழிக்கச் சொன்னபோது அறையில் ஐவர் நின்றிருந்தோம். அவருள் இருவர் வேடிக்கை பார்க்க வந்த மாணவர் என்றே சொல்லலாம். கால் மணி நேரம் ஆயிற்று. ஒரு துளியும் வரவில்லை. திரையில் அழுத்தக் கோடு தரையோடு தரையாய்க் கிடந்தது. ‘தசை இயங்கவில்லை’ என்று எழுதப் பேனாவும் எடுத்தாயிற்று.

அப்போது நான் அவரிடம் தமிழில், “ஐயா, வீட்டிலும் இப்படித்தானா?” என்று கேட்டேன்.

“இல்லை டாக்டர். வீட்டில் மெதுவாகவேனும் வந்துவிடும். இத்தனை பேர் நிற்கும்போது எப்படி வரும்?” என்றார்.

எல்லோரும் வெளியேறினோம். தண்ணீர்க் குழாயைச் சற்றே திறந்துவிட்டுக் கதவையும் சாத்தினோம். சிறிது நேரத்தில் வந்துவிட்டது. அழுத்தம் மிக உயர்ந்திருந்தது; வேகமோ மிகக் குறைவு. அடைப்பு என்பதில் ஐயமே இல்லை. அவருக்கு அறுவைச் சிகிச்சை நடந்தது, குணமும் கண்டார். பேனா எழுதியிருந்தால் அவர் ஆயுள் முழுவதும் கதீட்டரோடு கழித்திருக்கக்கூடும்.

சிறுநீர்ப்பை மனத்தின் நிலைக்கேற்ப மாறும் என்பது புதிதாகக் கண்டதன்று. இத்தாலியில் மொஸ்ஸோ, பெல்லகானி என்ற இருவர் 1882-இல் வெளியிட்ட ஆய்விலேயே, பேச்சுக் கொடுத்தாலும், மனத்திற்குச் சிறிது வேலை கொடுத்தாலும் பை சுருங்குவதைக் கருவிகொண்டு பதிந்து காட்டினர். அஞ்சியவருக்குப் பை வேளையின்றி முட்டுவதும் உண்டு. வழி இறுகி அடைத்துக்கொள்வதும் உண்டு. ஆதலால் நோயாளியின் அச்சத்தைத் தணிப்பதை வெறும் உபசாரமாக எண்ணலாகாது. வெப்பமானியை உதறிவிட்டுப் பயன்படுத்துவது போல அதுவும் அளவையின் ஒரு பகுதி. சோதனை முடிந்ததும், “நாள்தோறும் வீட்டில் நிகழ்வதுதான் இங்கும் நிகழ்ந்ததா?” என்று கேட்டு விடையைக் குறித்துக்கொள்ள வேண்டும். கேட்காவிட்டால் நோயாளி தாமே சொல்லலாம். அது குற்றமன்று.

நோயாளிகள் கேட்டுப் பெறத்தக்கவை வேறு சிலவும் உண்டு. அறையில் யார் யார் இருப்பார்கள் என்று கேட்கலாம். மாணவர் வேண்டாம் என்னலாம். பெண்கள் உடன் ஒரு பெண் செவிலியர் இருக்க வேண்டும் என்று கோரலாம். பிள்ளைப்பேற்றுக்குப் பின் கசிவினால் வருந்தும் பெண்களை இருமச் சொல்லும்போது நீர் கசியும். அவர்கள் வெட்கித் தலைகுனிவதை நான் பலமுறை கண்டிருக்கிறேன். கசிவதைக் காணவே சோதனை வைத்திருக்கிறோம் என்பதை முன்பே சொல்லியிருந்தால் அவ்வெட்கம் பாதியாகக் குறையும். சோதனையை நடுவில் நிறுத்தச் சொல்லும் உரிமையும் நோயாளிக்கு உண்டு. அவ்வுரிமை உண்டு என்று அறிந்தவரில் அதைப் பயன்படுத்தியவர் மிகச் சிலரே.

வீடு திரும்பியபின் ஓரிரு நாள் எரிச்சல் இருக்கலாம். சிறுநீர் சற்றுச் சிவந்தும் வரலாம். மருத்துவர் தடுத்திருந்தாலன்றி, தண்ணீர் தாராளமாக அருந்தலாம். குளிர்காய்ச்சல் கண்டாலும், சிறுநீர் அடைபட்டாலும், இரத்தம் மிகுந்தாலும் அன்றைக்கே மருத்துவமனைக்குத் திரும்பிவிட வேண்டும். இதைச் சோதனைக்கு முன்னரே நோயாளியிடமும் உடன் வந்தவரிடமும் அவரவர் மொழியில் சொல்லிவிடுவது நல்லது. குழாயை எடுத்ததும் உடை மாற்றிக்கொண்டு விரைந்து வெளியேறும் அவசரத்தில், சொல்வது எதுவும் அவர்கள் காதில் ஏறுவதில்லை.