துரை பங்களாவின் பதிப்பு மேசை

மரத்துக்குள் மரம் பதித்த அலங்கார மேசைகள் இலங்கை மலைநாட்டுத் தோட்டப் பங்களாக்களில் இரண்டு வகையாக இருந்தன. ஒன்று இங்கிலாந்தில் செய்யப்பட்டுக் கப்பலில் வந்தது. மற்றது காலியிலும் அதன் சுற்றூர்களிலும் உள்ளூர்த் தச்சர்கள் ஆங்கிலேயரின் அமைப்பில் செய்தது. நாவலப்பிட்டிப் பக்கத்துத் துரை பங்களா ஒன்றின் வரவேற்பறையில் வட்ட மேசை ஒன்றைக் கண்டால், அது எந்த வகை என்பதுதான் முதற் கேள்வி.

இங்கிலாந்தில் இந்த வேலை 17ஆம் நூற்றாண்டின் பிற்பாதியில், ஒல்லாந்திலிருந்தும் பிரான்சிலிருந்தும் வந்த கைவினைஞர் வழியாக வளர்ந்தது. மரத்தை ஓரிரு மில்லிமீற்றர் தடிப்பில் தகடாக அறுப்பார்கள். வெவ்வேறு நிறத் தகடுகளை ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கி, மேலே வரைபடத்தை ஒட்டி, நூல் போன்ற வாளால் சேர்த்து அறுப்பார்கள். ஒரு தகட்டில் வெட்டிய இலை இன்னொரு தகட்டின் வெற்றிடத்தில் அச்சாகப் பொருந்தும். இலைக்கு நிழல் வேண்டுமென்றால் அதன் ஓரத்தைச் சூடான மணலில் சிறிது நேரம் செருகி எடுப்பார்கள். இலேசாகக் கருகிய அந்த ஓரம் மடிந்தது போலத் தெரியும். முழுப் படத்தையும் வச்சிரப் பசை தடவி, அடியிலுள்ள சாதாரணப் பலகையில் ஒட்டுவது கடைசி வேலை. தளபாட வடிவமைப்பாளர் ஹெப்பிள்வைட்டின் மாதிரிநூல் 1788இலும் ஷெரட்டனுடையது 1791இலும் வெளிவந்த காலத்தில், பூங்கொத்துகளின் இடத்தை நீள்வட்டங்களும் விசிறிகளும் மெல்லிய கருங்கோடுகளும் பிடித்துக்கொண்டன. அந்த மேசைகளின் பொன்னிறப் பலகை மேற்கிந்தியத் தீவுகளின் ஒரு மரத்திலிருந்தும், இந்தியாவிலும் இலங்கையிலும் வளரும் முதிரையிலிருந்தும் கிடைத்தது. கோடுகளுக்குக் கருங்காலி. ஆக, இங்கிலாந்தின் நாகரிக மேசையில் இந்தத் தீவின் காடும் கொஞ்சம் இருந்தது.

அந்த மேசை மலைநாட்டுக்கு வந்தபோது பட்ட பாடு சொல்லி மாளாது. நாட்டில் மிக அதிக மழை பெறும் இடங்களில் ஒன்றான வட்டவளை, நாவலப்பிட்டிக்கு அண்மையிலேயே இருக்கிறது. தென்மேற்குப் பருவமழைக் காலத்தில் வீட்டுக்குள் சப்பாத்திலும் பூஞ்சணம் பூக்கும். வச்சிரம் விலங்குகளின் தோலையும் எலும்பையும் காய்ச்சி எடுப்பது. ஈரமும் சூடும் பட்டால் இளகிவிடும். அடிப்பலகை ஊதும், மேலே ஒட்டிய தகடு அதே அளவில் ஊதாது. முதலில் ஓரம் கிளம்பும், பிறகு நடுவில் கொப்புளம் தட்டும். வெப்ப நாடுகளில் குடியேறிய ஐரோப்பியர் தகடு ஒட்டிய தளபாடத்தை விட்டு முழுமரத் தளபாடத்தை விரும்பியதற்கு இது முக்கிய காரணம்.

காலி மேசை 19ஆம் நூற்றாண்டின் சரக்கு. 1880களில் கொழும்பின் அலைதாங்கி எழும்பும் வரை நீராவிக் கப்பல்கள் நிலக்கரி ஏற்றக் காலியில்தான் நின்றன. கரையிறங்கிய பயணிகள் கருங்காலி யானை, முள்ளம்பன்றி முள் பதித்த பெட்டி, நகை என்று வாங்கினார்கள். வசதியுள்ளவர்கள் மேசைக்குச் சொல்லி வைத்தார்கள். மேசையின் நடுவில் ஒரு நட்சத்திரம் அல்லது பூ. அதிலிருந்து விளிம்பு வரை ஆப்புத் துண்டுகள் கதிராக விரியும். ஒவ்வொரு துண்டும் ஒவ்வொரு மரம்: மஞ்சள் முதிரை, பழுத்த நிறப் பலா, செம்பழுப்பு நெடுன், புள்ளி தெறித்த தென்னை, புளி, கித்துல், கபிலத்தில் கரும்பட்டை ஓடும் கலமந்தர். இருபதுக்கு மேற்பட்ட மரங்கள் கொண்ட மேசைகளும் உண்டு. விளிம்பிலும் தூணிலும் கருங்காலி. தூணில் இலைச் செதுக்கல், கீழே மூன்று சிங்கக் கால்கள்.

கோப்பிக் காலத்தின் தொடக்கத்தில் இத்தகைய பாரங்கள் மாட்டு வண்டியில் மலையேற வேண்டியிருந்தது. 1874இல் புகையிரதப் பாதை நாவலப்பிட்டியை எட்டியபின் அந்தச் சிரமம் குறைந்தது. தலையையும் தூணையும் திருகாணி கழற்றித் தனித்தனியே கட்டி அனுப்பலாம். துரைமார் ஊர் திரும்பும்போது வீட்டுச் சாமானை ஏலத்தில் விற்றுவிட்டுப் போவது வழக்கமாதலால், ஒரே மேசை பல பங்களாக்கள் பார்த்திருக்கும். அதை நாள்தோறும் துடைத்து மெருகு காத்தவர் பங்களா அப்பு. ஏலப் பட்டியலில் அவர் பெயருக்கு இடமில்லை.

வேலைத்திறனில் இரண்டுக்கும் உள்ள வேறுபாடு பெரிது. ஆங்கிலப் பதிப்பில் மரம் படத்துக்கு வேலை செய்கிறது. சாயமேற்றுவார்கள், கருக்குவார்கள், இலையாகவும் சங்காகவும் ஆக்குவார்கள். காலி மேசையில் மரம் தன் நிறத்தோடும் ரேகையோடும் அப்படியே நிற்கிறது. தச்சரின் கெட்டித்தனமெல்லாம் எந்த மரத்துக்குப் பக்கத்தில் எதை வைப்பது என்பதில்தான். கலமந்தருக்குப் பக்கத்தில் முதிரை வந்தால் இரண்டுமே எடுபடும். பழுப்புக்குப் பக்கத்தில் பழுப்பு வைத்த மேசை மங்கிப்போகும். நட்சத்திரம், பூ, வளைய வரிசை என்று எல்லாவற்றையும் ஒரே பரப்பில் திணித்த மேசைகளும் இருக்கின்றன. அவை வாங்குவோரின் கண்ணைப் பறிக்கச் செய்தவை. தச்சரின் கை அவற்றில் நன்றாகத்தான் இருக்கிறது, அடக்கம்தான் இல்லை.

பழமையை மேசையின் அடிப்பக்கத்தில் தேட வேண்டும். கைவாள் விட்ட கோடுகள் நேராக, ஒழுங்கற்ற இடைவெளியில் இருக்கும். வில்லாக வளைந்த கோடுகள் இயந்திர வட்டவாளைக் காட்டும். மரம் ரேகைக்குக் குறுக்கே சுருங்குமே தவிர நீளவாட்டில் ஏறக்குறையச் சுருங்காது. ஆகவே ஒரே திசையில் இணைத்த பலகைகளாலான பழைய வட்ட மேசையை இரு திசையில் அளந்தால் சிறு வித்தியாசம் இருக்க வேண்டும். பதிப்புப் போல வண்ணம் தீட்டியோ அச்சுப்படம் ஒட்டியோ செய்த போலியைக் கண்டுபிடிப்பது இன்னும் எளிது. சாய்ந்த வெளிச்சத்தில் பார்த்தால், உண்மைப் பதிப்பில் துண்டுக்குத் துண்டு ரேகையின் திசை மாறும். போலியில் ஒரே ரேகை படத்தின் அடியில் தொடர்ந்து ஓடும்.

பழுது பார்ப்பதில் நடக்கும் பெரிய கேடு மணற்கடதாசி. பளபளப்பு வேண்டுமென்று இயந்திரத்தால் தேய்த்தால் தகடு தேய்ந்து அடிப்பலகை வெளியே வந்துவிடும். அதற்குப் பரிகாரமே இல்லை. கிளம்பிய துண்டை மீண்டும் வச்சிரத்தால் ஒட்டுவதே முறை. பின்னொரு நாள் வெந்நீர் ஒற்றியோ சூடு காட்டியோ அதைச் சேதமின்றிக் கழற்றலாம். இரு கலவைச் செயற்கைப் பசை அதற்கு இடம் கொடுக்காது. தொலைந்த துண்டுக்கு ஈடு தேடுவது அடுத்த சிக்கல். தென்னையும் பலாவும் புளியும் தாராளமாகக் கிடைக்கும். கலமந்தர் அப்படியல்ல: இலங்கைக்கே உரிய அந்த மரம் ஏறக்குறைய அற்றுப்போனதாக, இலங்கையில் ஆங்கிலேய அதிகாரியாக இருந்த எமர்சன் டெனன்ட் 1859இல் வெளியான தம் நூலிலேயே எழுதிவிட்டார். எனவே கலமந்தர்த் துண்டு வேண்டுமானால், உடைந்த பழைய பெட்டியோ நாற்காலிக் காலோ அகப்பட்டு, அதிலிருந்து அறுத்து எடுப்பதே வழி.