என்ன கிடைத்தது, என்ன மிஞ்சியது?



உயர்தர வகுப்பில் பரிசோதனை முடிந்ததும் குழாயில் மிஞ்சியதைக் கழுவுதொட்டியில் ஊற்றிவிட்டு வீடு செல்வோம். அது எங்கே போகிறது என்று நாம் கேட்டதில்லை, வினாத்தாளும் கேட்டதில்லை. 1998இல் போல் அனஸ்தாஸ், ஜோன் வோர்னர் இருவரும் வகுத்த பசுமை இரசாயனக் கோட்பாடுகள் 12இல் முதலாவது அதைப் பற்றியதே: கழிவை உண்டாக்கிய பின் சுத்திகரிப்பதிலும் உண்டாக்காதிருப்பதே நன்று.

காபன் வளையத்தில் நைதரசன், ஒட்சிசன், கந்தகம் போன்ற வேறோர் அணுவும் சேர்ந்திருந்தால் அது பல்லினவட்டச் சேர்வை. தேநீரிலுள்ள கஃபீனும் பெனிசிலினும் இவ்வகையே. மருந்துகளில் மிகப் பல இவ்வகையானவை. ஆகவே இவற்றை எப்படித் தொகுக்கிறோம் என்பது முக்கியம்.

இரண்டு காபனும் மூன்று நைதரசனும் கொண்ட திரயசோல் வளையத்தைப் பார்ப்போம். ஏசைட்டையும் அற்கைனையும் சேர்த்துச் சூடாக்கினால் இது உருவாகும். ஆனால் இரண்டு சமபகுதியங்கள் கலந்து வரும். பிரித்தெடுக்க மேலும் கரைப்பான் செலவாகும். 2002இல் அமெரிக்காவில் ஷார்ப்லெஸ் குழுவினரும் டென்மார்க்கில் மெல்டால் குழுவினரும் தனித்தனியே செம்பை ஊக்கியாக்கினர். ஷார்ப்லெஸ் குழுவினருக்குத் தேவைப்பட்டவை நீரும் அற்ககோலும் கலந்த கரைப்பான், மிகச் சிறிதளவு செப்புச் சல்பேற்று, அதைத் தாழ்த்துவதற்கு விற்றமின் சீயின் சோடியம் உப்பு. அறை வெப்பநிலையில் கலக்க, ஒரே சமபகுதியம் கிடைத்தது. பல வேளைகளில் வடிகட்டினாலே போதும். சேர்த்த இரண்டின் அணுக்கள் யாவும் விளைவிலேயே நின்றன. அந்த நீலப் பளிங்குகள் எமது ஆய்வுகூட அலுமாரியிலும் இருந்தவைதாம்!

ஆயினும் ‘பசுமை’ என்று பெயரிட்டதோடு வேலை முடிவதில்லை. அந்தச் செம்பு உயிர்க்கலங்களுக்கு நஞ்சு. ஆகவே செம்பே வேண்டாத முறையொன்றை கரோலின் பெர்டோசி 2004இல் காட்டினார். மூவரும் 2022ஆம் ஆண்டின் நோபல் பரிசைப் பகிர்ந்தனர். இரசாயனத்தில் அப்பரிசைப் பெற்ற எட்டாவது பெண் அவர்.

எமது குடாநாடு சுண்ணாம்புக்கல் நிலம். மேலே ஊற்றுவது கீழே கிணற்று நீரைச் சேரும். எனவே ஆய்வுகூடத்துக்கு உபகரணங்கள் வாங்கிக் கொடுக்கும்போது, கழிவு சேகரிக்கும் போத்தல்களையும் சேர்த்துக் கொடுப்போம். எங்கள் தங்கைமார் ‘என்ன கிடைத்தது?’ என்று குறிப்பேட்டில் எழுதும் வரியின் கீழே, ‘என்ன மிஞ்சியது?’ என்றும் ஒரு வரி எழுதட்டும்.