டியூஷன் கணக்கு

(சங்கத்தின் பொன்விழாவையொட்டி நடந்த கல்விக் கருத்தரங்கில் ஆற்றிய உரை)





கல்வியைப் பற்றிப் பேச வேண்டும் என்று செயலாளர் அழைத்தபோது நாங்கள் தயங்கினோம். நாங்கள் வியாபாரிகள், அண்ணன் தம்பி மூவர். கிள்ளான் ஜாலான் தெங்கு கிளானாவில் அத்தா தொடங்கிய துணிக்கடை ஒன்று, பிரிக்பீல்ட்ஸில் நாங்கள் பின்னால் தொடங்கிய கடை ஒன்று. மூவரில் எஸ்.பி.எம்.முக்குப் பிறகு படித்தவர் ஒருவர்தான். அதுவும் பாலிடெக்னிக் டிப்ளோமா. அவர்தான் இப்போது உங்கள் முன் நிற்கிறார். பெரிய கல்வித் தத்துவம் எதுவும் எங்களிடம் கிடையாது. எங்களுக்குத் தெரிந்தது வரவு செலவுக் கணக்கு. எங்கள் வீட்டு டியூஷன் கணக்கையே இங்கே விரித்து வைக்கிறோம்.

எங்கள் அண்ணன் மகள் படிவம் 5 படிக்கிறாள். கிள்ளானில் ஒரு நிலையத்தில் ஆறு பாடங்களுக்கு டியூஷன். ஒரு பாடத்துக்கு மாதம் 70 ரிங்கிட் வீதம் 420. கூடுதல் கணிதத்துக்குப் பிரிக்பீல்ட்ஸில் தனி ஆசிரியர்; சனிக்கிழமைதோறும் ஒரு வகுப்பு, வகுப்புக்கு 90, மாதம் 360. போக்குவரத்து, இடையில் சாப்பாடு எல்லாம் சேர்த்து 140. ஆக மொத்தம் மாதம் 920 ரிங்கிட். பத்து மாதத்துக்கு 9,200. 2025 பிப்ரவரியில் நாட்டின் குறைந்தபட்சச் சம்பளம் 1,700 ரிங்கிட் ஆனது என்பது உங்களுக்குத் தெரியும். ஒரு தொழிலாளியின் மாதச் சம்பளத்தில் பாதிக்கு மேல் ஒரு பிள்ளையின் டியூஷனுக்குப் போகிறது. இதை நாங்கள் ஒரு நாளும் உட்கார்ந்து கூட்டிப் பார்த்ததில்லை. சரக்கு வாங்கினால் பில்லை மூன்று முறை சரிபார்க்கும் நாங்கள், இதற்கு மட்டும் கேள்வி கேட்காமல் பணம் கொடுத்துக்கொண்டிருந்தோம்.

கூட்டிப் பார்க்க வைத்தது வேறொரு சம்பவம். அதைச் சொல்ல எங்களுக்கு வெட்கமாகத்தான் இருக்கிறது. ஆனாலும் சொல்கிறோம்.

கிள்ளான் கடையில் பன்னிரண்டு வருடமாக எங்களோடு இருக்கும் ஊழியர் ஒருவருக்கும் படிவம் 5 படிக்கும் மகள் இருக்கிறாள். ஒரு நாள் கடை அடைக்கும் நேரத்தில் வந்து, மகளின் டியூஷனுக்காக 300 ரிங்கிட் முன்பணம் கேட்டார். நாங்கள் என்ன சொன்னோம் தெரியுமா? "உங்க பிள்ளை நல்லாப் படிக்கிற பிள்ளைதானே அண்ணே, அதுக்கு எதுக்கு டியூஷன்?" அவர் ஒன்றும் சொல்லாமல் ஷட்டரை இறக்கப் போய்விட்டார். வீட்டுக்கு வரும் வழியில், காரின் பின்சீட்டில் இருந்த அண்ணன் மகள் கேட்டாள்: "நானும் நல்லாத்தான் படிக்கிறேன் சாச்சா. அப்புறம் எனக்கு மட்டும் எதுக்கு ஏழு பாடம்?"

எங்களிடம் பதில் இல்லை. அன்று இரவு அவளையே ஒரு தாளில் ஏழு பாடங்களையும் எழுதி, ஒவ்வொன்றுக்கும் எதிரே ஏன் போகிறாள் என்று எழுதச் சொன்னோம். அவள் எழுதியதைச் சுருக்கமாகச் சொல்கிறோம். கூடுதல் கணிதம், இயற்பியல், வேதியியல்: பள்ளியில் வேகமாக நடத்துகிறார்கள், சில இடம் புரியவில்லை. மலாய்மொழி: எழுதும் கட்டுரையைத் திருத்திக் கொடுக்க வீட்டில் ஆள் இல்லை. கணிதம்: தோழிகள் போகிறார்கள். உயிரியல்: ஒரு பாடம் சேர்த்து எடுத்தால் கட்டணத்தில் தள்ளுபடி என்றார்கள். செஜாரா: பயம்.

அன்பர்களே, இந்தத் தாளில் இருப்பது எங்கள் வீட்டுக் கதை மட்டுமல்ல. கிள்ளானிலும் பிரிக்பீல்ட்ஸிலும் மாலை வேளையில் டியூஷன் நிலையங்களின் வாசலில் காரை நிறுத்திவிட்டுக் காத்திருக்கும் பெற்றோர் பலரின் கதையும் இதுதான் என்று நினைக்கிறோம்.

பயத்துக்குக் காரணம் இல்லாமல் இல்லை. 2021-இல் யு.பி.எஸ்.ஆர். தேர்வை எடுத்தார்கள், 2022-இல் பி.டி.3 தேர்வையும் எடுத்தார்கள். பிள்ளைகளின் சுமை குறைந்தது என்று மகிழ்ந்தோம். ஆனால் அதன்பின் ஒரு பிள்ளை சந்திக்கும் முதல் பொதுத்தேர்வே எஸ்.பி.எம். என்று ஆனது. அதுவரை பிள்ளை எந்த நிலையில் இருக்கிறது என்று பெற்றோருக்குப் புரிவதில்லை. டியூஷன் நிலையம் மாதாமாதம் வைக்கும் சோதனைதான் அவர்களுக்கு அளவுகோல் ஆகிவிட்டது. செஜாரா பாடத்தில் தேறாவிட்டால் சான்றிதழே கிடையாது என்ற விதி 2013 முதல் இருக்கிறது. புத்தகமோ மலாயில். ஊரிலிருந்து வந்த அத்தா அம்மாக்கள் அதைப் பிரித்துப் பார்த்து உதவ முடியாது.

அடுத்தது, இடம் கிடைக்குமா என்ற கவலை. மெட்ரிகுலேஷன் இடங்களில் 90 விழுக்காடு பூமிபுத்ராக்களுக்கு, மற்றவர்களுக்கு 10 விழுக்காடு. நம் சமூகத்தில் சிலர் ஒரு கணக்கிலும் சிலர் மறு கணக்கிலும் வருகிறோம். ஒரே சொந்தத்திலேயே அப்படி உண்டு. 2024-இல், எஸ்.பி.எம்.மில் 10 ஏ எடுப்பவர்களுக்கு இனம் பாராமல் மெட்ரிகுலேஷன் இடம் தரப்படும் என்று அரசாங்கம் அறிவித்தது. நல்ல செய்திதான். அதே நாளிலிருந்து 'பத்து' என்ற எண் ஒவ்வொரு வீட்டிலும் மந்திரம் போல ஆகிவிட்டது. ஒரு ஏ குறைந்தால் தனியார் கல்லூரிக்கு ஆயிரக்கணக்கில் கட்ட வேண்டி வருமே என்று நினைக்கும் தகப்பன், மாதம் 70 ரிங்கிட்டை இன்சூரன்ஸ் போலக் கட்டுகிறார். அவரை நாம் குறை சொல்ல முடியாது.

ஆனால் அந்தத் தாளில் அண்ணன் மகள் எழுதாமல் விட்ட காரணம் ஒன்று உண்டு. அதை நாங்கள்தான் எழுத வேண்டும். கடை அடைக்கப் பத்து மணி ஆகிறது. உணவகம் வைத்திருப்பவர்களுக்கு நள்ளிரவு தாண்டுகிறது. அதுவரை பிள்ளை எங்கே இருக்கிறது, கையில் புத்தகம் இருக்கிறதா கைப்பேசி இருக்கிறதா என்ற கவலை நம்மை அரிக்கிறது. டியூஷனில் இருக்கிறது என்றால் மனம் அடங்குகிறது. நாங்கள் கொடுத்த 920 ரிங்கிட்டில் ஒரு பகுதி பாடத்துக்கான கட்டணம்; மற்றொரு பகுதி, நாங்கள் வீட்டில் இல்லாததற்குக் கட்டிய அபராதம்.

டியூஷனைத் தடை செய்தால் தீருமா என்று சிலர் கேட்கிறார்கள். தென் கொரியாவில் 1980-இல் இராணுவ ஆட்சி தனியார் டியூஷனைத் தடை செய்தது. டியூஷன் ஒழியவில்லை, மறைவாக நடந்தது, வசதியுள்ளவர்களுக்குக் கிடைத்தது. 2000-இல் அந்நாட்டு அரசியலமைப்பு நீதிமன்றம் அந்தத் தடை செல்லாது என்று தீர்ப்பளித்தது. தேவை இருக்கும்வரை தடையால் பயன் இல்லை. டியூஷன் ஆசிரியர்களையும் நாங்கள் குற்றம் சொல்லவில்லை. கூடுதல் கணிதம் என்றாலே அழுத எங்கள் பிள்ளையைக் கணக்குப் போட வைத்தவர் அவர்களில் ஒருவர்தான்.

மறுநாள் காலை நாங்கள் முதலில் செய்தது, அந்த ஊழியரிடம் மன்னிப்புக் கேட்டு முன்பணத்தைக் கொடுத்தது. பிறகு அவரோடு உட்கார்ந்து இரண்டு பிள்ளைகளின் கணக்கையும் சேர்த்துப் போட்டோம். எங்கள் பிள்ளை கணிதம், உயிரியல், செஜாரா டியூஷனை நிறுத்தினாள். மீதி மூன்று பாடங்களுக்கு 210. கூடுதல் கணித ஆசிரியர், பிள்ளைகள் இருவரையும் அதே 360-க்குச் சேர்த்து நடத்த ஒப்புக்கொண்டார். ஊழியரின் மகளுக்கு வேதியியல் வகுப்பு 70. போக்குவரத்து 80. மொத்தம் 720. ஒரு பிள்ளைக்குச் செலவானதைவிட 200 ரிங்கிட் குறைவாக இரண்டு பிள்ளைகள் படிக்கிறார்கள்.

நிறுத்திய பாடங்களுக்கு என்ன வழி? கிள்ளான் கடையின் மாடியில் துணி மூட்டைகளை ஒதுக்கி ஒரு மேசை போட்டோம். வாரத்தில் மூன்று இரவு, எட்டிலிருந்து பத்துவரை இருவரும் அங்கே படிக்கிறார்கள். செஜாராவை ஒருத்தி வாசிக்க மற்றவள் கேள்வி கேட்கிறாள். எங்களில் ஒருவர் கட்டாயம் அந்த மேசையில் இருக்க வேண்டும் என்பது நாங்களே போட்டுக்கொண்ட சட்டம். இயற்பியலில் மின்சாரப் பாடம் வந்தபோது, பாலிடெக்னிக்கில் படித்த எலெக்ட்ரிகல் பதினைந்து வருடத்துக்குப் பிறகு உதவியது. தெரியாத இடத்தில் தெரியவில்லை என்று சொல்லிவிட்டோம். அதற்காகப் பிள்ளைகள் எங்களைக் குறைவாக நினைக்கவில்லை.

தேர்வு இனிமேல்தான். எத்தனை ஏ வரும் என்று இங்கே நின்று வாக்குறுதி கொடுக்க முடியாது. அது அல்லாஹ்வின் நாட்டமும் அவர்கள் உழைப்பும். ஆனால் கொடுக்கும் பணம் எதற்குப் போகிறது என்பது இப்போது எங்களுக்குத் தெரியும்.

இதைச் சமூகமாகச் செய்ய முடியும் என்பதற்கு இந்த நாட்டிலேயே முன்மாதிரி இருக்கிறது. 1982-இல் மலாயாப் பல்கலைக்கழக விரிவுரையாளர் டாக்டர் தம்பிராஜாவும் அவருடைய மாணவர்களும் ஸ்ரீ முருகன் நிலையத்தைத் தொடங்கினார்கள். பல்கலைக்கழகத்தில் கால் வைத்த இளைஞர்கள், பின்னால் வரும் இந்திய மாணவர்களைக் கைதூக்கிவிட வேண்டும் என்பதுதான் அதன் அடிப்படை. அது நாடு முழுவதும் பரவியது. சமயம் வேறாக இருக்கலாம். பாடம் நமக்கும் சேர்த்துத்தான்.

நம் சங்கம் மய்யித்துக் காரியத்துக்கும் நோன்புக் கஞ்சிக்கும் முறை வைத்துப் பணம் திரட்டிய சங்கம். ஐம்பத்தோராவது ஆண்டில் ஒரு காரியம் கேட்கிறோம். இந்த மண்டபத்தின் மாடி வார நாள் இரவுகளில் பூட்டிக் கிடக்கிறது. இஷாவுக்குப் பிறகு இரண்டு மணி நேரம், வாரத்தில் நான்கு இரவு, அதைப் பிள்ளைகளுக்குத் திறந்துவிடுங்கள். பாடப்புத்தகம் பள்ளியிலேயே இலவசம். நமக்கு வேண்டியது மேசை, விளக்கு, பழைய தேர்வுத்தாள்கள், பல்கலைக்கழகத்தில் படிக்கும் நம் பிள்ளைகள் இருவருக்குச் சிறு உதவித்தொகை. எல்லாவற்றுக்கும் மேலாக, இரவுக்கு ஒரு பெரியவர். வியாபாரிகள் முறை வைத்துக்கொள்வோம். மாதத்தில் ஒரே ஓர் இரவு சீக்கிரம் கடையை விட்டு வந்தால் போதும். முதல் மாதத்துச் செலவை எங்கள் இரண்டு கடைகளும் ஏற்றுக்கொள்கின்றன. நம் கடைகளில் வேலை செய்பவர்களின் பிள்ளைகளுக்கும், அவர்கள் எந்தச் சமயத்தவரானாலும், அந்த மேசையில் இடம் இருக்க வேண்டும்.

இன்று வீட்டுக்குப் போனதும் பிள்ளையிடம் ஒரு தாளைக் கொடுங்கள். ஒவ்வொரு பாடத்துக்கும் எதிரே காரணத்தை எழுதச் சொல்லுங்கள். அடியில் உங்கள் காரணத்தை நீங்கள் எழுதுங்கள். அதன் பிறகு அடுத்த மாதக் கட்டணத்தைக் கட்டுங்கள்.