ஏணியில் ஒளித்த பூட்டு

மூணாறுக்குக் கிழக்கே, தமிழ் பேசும் உழவர்கள் வாழும் வட்டவடையில், மலைச்சரிவெங்கும் பூண்டு வயல்கள் படிப்படியாக அமைந்துள்ளன. நீர் எப்படியிலிருந்து எப்படிக்கு இறங்கும் என்பதை அயலூராரும் கண்டவுடன் அறிவர்.

ஆலை இயந்திரங்களை ஆளும் கட்டுப்பாட்டுக் கருவிக்கென எழுதப்படும் ஏணி நிரலும் இத்தகையதே. 1968ஆம் ஆண்டில் அமெரிக்கப் பொறியாளர் டிக் மார்லி இக்கருவியைத் திட்டமிட்டார். அடுத்த ஆண்டில் 'மோடிகான் 084' வெளிவந்தது. மின்பணியாளர் நன்கறிந்த ரிலே வரைபடமே ஏணி வடிவாயிற்று. ஒவ்வொரு படியிலும் இடப்புறம் நிபந்தனை, வலப்புறம் செயல். கருவி மேலிருந்து கீழாகப் படித்து, மீண்டும் முதற்படிக்குத் திரும்பும்.

பிறர் கை வைக்கலாகாது, தம் வேலை நிலைக்கவேண்டும் என்றெண்ணிச் சிலர் இதனை வேண்டுமென்றே சிக்கலாக்குகின்றனர். ஒரே மோட்டாருக்கு இரு படிகளில் ஆணையிடுவர். பெரும்பாலும் கடைசி ஆணையே செல்லும். பெயர்களை நீக்கி எண்களை மட்டும் விட்டுவைப்பர். நள்ளிரவில் இயந்திரம் நின்றால், பழுது பார்ப்பவர் காரணம் காணாது திகைத்துப் பாதுகாப்பு நிபந்தனையையே விலக்கிவிடக்கூடும். அதற்கு விலையாவது ஒரு தொழிலாளியின் கையாக இருக்கலாம்.

அலுவலக ஆணைகளை மொழிபெயர்க்கும் நானும் இந்நோயை அறிவேன். புரியாத வாக்கியத்தின் பின்னே அதிகாரம் ஒளிந்துகொள்வதுண்டு. வெளிமாநில ஆலைகளில் பணிபுரியும் தமிழ் இளைஞர்களே! ஒவ்வொரு படிக்கும் ஒரு வரி விளக்கம் எழுதிவையுங்கள். உங்களுக்குப் பின் வருபவர் அதனைப் படித்து அச்சமின்றி இயந்திரத்தைத் தொடுவாராயின், அதுவே உங்கள் திறமைக்குச் சான்று.