பெரிய எழுத்தும் சிறிய எழுத்தும்

(விவசாயிகளும் உத்தியோகத்தர்களும் திரண்டிருந்த கூட்டமொன்றில் சட்டத்தரணி ஒருவர் ஆற்றிய உரை)



சந்தையிலே கொத்துக் குறைந்தால் நாம் வாளாவிருப்பதில்லை. அரசாங்க முத்திரை பெறாத படிக்கல்லைக் கண்டால் ஏன் என்று கேட்கிறோம். நெல்லையும் வெங்காயத்தையும் நிறுப்பதற்குத் தராசு உண்டு. கைத்தொலைபேசிக் கம்பனிகள் விற்கும் இணையத்தை நிறுப்பதற்கோ எமது கையில் எந்தத் தராசும் இல்லை. கம்பனி சொன்னதே அளவு. கம்பனி காட்டியதே கணக்கு. விளம்பரத்திற் சொன்ன சொல்லைத் தவிர வாங்குபவனுக்கு வேறு பிடிமானம் கிடையாது. அந்தச் சொல்லே பொய்க்குமாயின் அது கள்ளத் தராசினும் கொடியது.

"எல்லையற்ற இணையம்" என்று சுவரளவு எழுத்திலே விளம்பரம் செய்கிறார்கள். பக்கத்திலே கடுகளவு நட்சத்திரக் குறி ஒன்று நிற்கும். அதன் பொருளைத் தேடிச் சென்றால், "நியாயமான பாவனை" என்னும் பெயரில் ஓர் எல்லை மறைந்திருக்கும். அவ்வெல்லையைத் தாண்டியதும் இணையம் நத்தையாய் ஊரும். வேறு சில பொதிகளில் கிகாபைட் கணக்குப் பெரிதாயிருக்கும். அதிற் பெரும் பங்கை நள்ளிரவுக்குப் பின்னரே பாவிக்க முடியும். விடியற்புறம் இறைப்புக்குப் போகும் கமக்காரன் நள்ளிரவில் விழித்திருந்து தம்புள்ளைச் சந்தை விலையையா பார்ப்பான்?

இந்த வித்தை எமது நாட்டில் மாத்திரம் நடப்பதன்று. ஐக்கிய அமெரிக்காவில் ஏ.ரி. அன்ட் ரி. என்னும் பெருங் கம்பனி எல்லையற்ற பொதிகளை விற்றது. 2011 ஆம் ஆண்டு முதல், மாதத்தில் 2 கிகாபைட் அளவு பாவித்தவர்களுக்குக்கூட வேகம் குறைக்கப்பட்டதென்றும், 35 இலட்சத்துக்கும் அதிகமான வாடிக்கையாளர் இவ்வாறு பாதிக்கப்பட்டனரென்றும் குற்றஞ்சாட்டி, அந்நாட்டு மத்திய வர்த்தக ஆணைக்குழு 2014 இல் வழக்குத் தொடுத்தது. தன்மீது வழக்கிட அவ்வாணைக்குழுவுக்கு அதிகாரமே இல்லையென்று கம்பனி வாதாடியது. 2018 இல் மேன்முறையீட்டு நீதிமன்றம் அவ்வாதத்தை நிராகரித்தது. 2019 இல் கம்பனி 6 கோடி டொலர் செலுத்த இணங்கியது. இனிமேல் "எல்லையற்றது" என்று சொல்வதானால் கட்டுப்பாடுகளையும் எடுப்பாகச் சொல்லவேண்டும், சிறிய எழுத்தில் மறைக்கலாகாது என்பதும் அந்த இணக்கத்தின் நிபந்தனையாயிற்று.

அவுஸ்திரேலியாவில் ரி.பி.ஜி. என்ற இணையக் கம்பனி, மாதம் 29.99 டொலர் என்று பெரிய எழுத்தில் விளம்பரம் செய்தது. மேலும் 30 டொலர் கொடுத்து வீட்டுத் தொலைபேசியையும் எடுத்தாலன்றி அவ்விலை கிடையாதென்பது சிறிய எழுத்தில் இருந்தது. சாதாரண மனிதன் விளம்பரத்தைப் போகிற போக்கிலே பார்க்கிறான். அவன் மனத்திற் பதிவது பெரிய எழுத்தின் செய்தியே என்ற அடிப்படையில், 2013 இல் அந்நாட்டு உயர் நீதிமன்றம் கம்பனிக்கு எதிராகத் தீர்ப்பளித்தது. கீழே பொறித்த சிறிய எழுத்து அக்கம்பனியைக் காப்பாற்றவில்லை. 20 இலட்சம் டொலர் தண்டம் கட்டவேண்டியதாயிற்று.

"நிபந்தனையை வாசிக்காதது வாங்கியவன் பிழை" என்று கம்பனிகளின் பக்கம் நின்று பேசுவோர் உண்டு. நிபந்தனையே வேண்டாமென்று நாம் கூறவில்லை. ஒரு கோபுரம் தாங்கக்கூடிய பாரத்துக்கு அளவு உண்டென்பதை நாமும் அறிவோம். நிபந்தனை வாக்கை விளக்கலாம், வாக்கை விழுங்கலாகாது. அதிலும், தமிழிலே விளம்பரம் செய்து எமது மக்களை அழைத்துவிட்டு, நிபந்தனைகளை ஆங்கிலத்திலே ஒளித்து வைப்பது எந்த ஊர் நியாயம்? எந்த மொழியில் காசு கேட்கிறார்களோ அந்த மொழியிலேயே நிபந்தனையையும், அதே பக்கத்தில், கண்ணுக்குத் தெரியும் எழுத்தில் சொல்லட்டும். இதுவே எமது கோரிக்கை.

எமது நாட்டிலும் சட்டம் இல்லாமலில்லை. 2003 ஆம் ஆண்டின் 9 ஆம் இலக்கப் பாவனையாளர் அலுவல்கள் அதிகாரசபைச் சட்டத்தின் 30 ஆம் பிரிவு, பாவனையாளரை ஏமாற்றும் நடத்தையை மாத்திரமன்றி, ஏமாற்றக்கூடிய நடத்தையையும் தடைசெய்கிறது. 31 ஆம் பிரிவு பொய்க் கூற்றுக்களைத் தடைசெய்கிறது. முறைப்பாடு எழுத்திலே, சேவை கிடைத்து மூன்று மாதத்துக்குள் செய்யப்படல் வேண்டும். தொலைத்தொடர்புகள் ஒழுங்குபடுத்தும் ஆணைக்குழுவிடமும் முறையிடலாம்.

நூறு ரூபா ரீலோட் வீணாய்ப் போனதற்காக எந்தக் கமக்காரனும் கோட்டுப்படி ஏறமாட்டான். ஏமாற்றுபவர்களின் பலமே அதுதான். இலட்சம் பேரிடம் நூறு நூறாய் எடுத்தால் ஒரு கோடி. வழக்காட மாத்திரம் ஒருவனும் இல்லை. ஆகவே, உத்தியோக நண்பர்களே, எழுதத் தெரிந்த நீங்கள் எழுத நேரமில்லாத கமக்காரனுக்காகப் பேனாவை எடுங்கள். கமக்காரப் பெருமக்களே, விளம்பரத் துண்டையும் பற்றுச்சீட்டையும் கைத்தொலைபேசிக்கு வந்த செய்தியையும் அழியாமல் வைத்திருங்கள். ஊர் வாசிகசாலையிலே கூடி, ஒரே குறையைக் கண்ட அத்தனை பேரும் ஆளுக்கொரு முறைப்பாடாகத் திகதியிட்டு அனுப்புங்கள். ஒற்றைக் கடிதம் ஒரு மூலையிற் கிடக்கலாம். ஓர் ஊரே எழுதிய கடிதங்களுக்குப் பதில் சொல்லித்தான் ஆகவேண்டும்.

தராசுக்கு முத்திரை கேட்கும் நாம் சொல்லுக்கும் கணக்குக் கேட்போம்.