வண்டியை பிளக்கில் போட்டாச்சா?



ராத்திரி சாப்பாடு முடிந்து, பாத்திரம் கழுவி, விளக்கை அணைக்கப் போகும் நேரத்தில் எங்கள் வீட்டில் ஒரு கேள்வி எழும். "வண்டிய பிளக்ல போட்டாச்சா?" நான் மறந்தால் என் மனைவி கேட்பாள், அவள் மறந்தால் நான் கேட்பேன். 2017 செப்டம்பரில் ஒரு பிளக்-இன் ஹைப்ரிட் காரை லீசுக்கு எடுத்த நாளிலிருந்து வந்த பழக்கம் இது. அந்தக் காரோடு கழிந்த முதல் சில மாதங்களைப் பற்றித்தான் இன்று பேசப் போகிறேன்.

நாங்கள் இருப்பது அமெரிக்காவின் மிச்சிகன் மாநிலத்தில், டெட்ராய்ட்டை ஒட்டிய ஃபார்மிங்டன் ஹில்ஸ் ஊரில். அலுவலகம் டெட்ராய்ட் நகரின் நடுவில். ஒரு வழி 23 மைல், போக வர 46 மைல். கிலோமீட்டரில் 74. நாங்கள் எடுத்த வண்டி செவ்ரலே வோல்ட். நான் தினமும் வேலைக்குப் போகும் அதே டெட்ராய்ட்டில், ஹாம்ட்ராமக் ஆலையில் செய்த வண்டி.

பிளக்-இன் ஹைப்ரிட் என்றால் என்ன என்று சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். சாதாரண ஹைப்ரிட் காரில் சின்ன பேட்டரி இருக்கும். அது பெட்ரோல் என்ஜினிலிருந்தும் பிரேக் பிடிக்கும்போதும் தானே சார்ஜ் ஆகிக்கொள்ளும். பிளக்-இன் ஹைப்ரிட்டில் பேட்டரி பெரியது, அதை வீட்டுச் சுவரில் செருகிச் சார்ஜ் செய்யலாம். எங்கள் வோல்ட்டில் இருந்தது 18.4 கிலோவாட் மணி பேட்டரி. முழுதாகச் சார்ஜ் செய்தால் 53 மைல் மின்சாரத்திலேயே ஓடும் என்பது அரசின் சோதனைக் கணக்கு. அது தீர்ந்ததும் பெட்ரோல் என்ஜின் எழுந்துகொள்ளும். இரண்டும் சேர்ந்து 420 மைல். வழியில் சார்ஜ் தீர்ந்து நிற்க வேண்டிய கவலை இல்லை. 46 மைல் வேலைப் பயணத்துக்கு 53 மைல் மின்சாரம் என்ற பொருத்தம்தான் என்னை இழுத்தது.

இனி லீஸ். நம் ஊரில் வீட்டை லீசுக்கு எடுப்பது என்றால் மொத்தமாக ஒரு தொகையைக் கொடுத்துக் குடியிருந்து, காலி செய்யும்போது அதைத் திரும்ப வாங்கிக்கொள்வது. ஒத்தி, போக்கியம் என்றும் சொல்வோம். இலங்கையில் லீசிங்கில் வாகனம் எடுத்தால் தவணை முடிந்ததும் வாகனம் உங்களுடையதாகிவிடும். அமெரிக்க லீஸ் இந்த இரண்டிலும் சேராது. மூன்று வருடம் வண்டியை ஓட்டுகிறீர்கள், அந்த மூன்று வருடத்தில் வண்டியின் மதிப்பு எவ்வளவு குறைகிறதோ அதை மாதாமாதம் கட்டுகிறீர்கள், முடிந்ததும் சாவியைத் திருப்பிக் கொடுக்கிறீர்கள். வண்டியின் சொந்தக்காரர் முதல் நாள் முதல் கடைசி நாள் வரை லீஸ் நிறுவனம்தான்.

இந்தச் சொந்தக்காரர் விஷயத்தில்தான் ஒரு பெரிய பணம் ஒளிந்திருந்தது. 16 கிலோவாட் மணிக்குக் குறையாத பேட்டரி உள்ள காரைப் புதிதாக வாங்குபவருக்கு அமெரிக்க மத்திய அரசு அன்று 7,500 டாலர் வருமான வரிச் சலுகை கொடுத்தது. விலைக்கு வாங்கினால் அது வாங்கியவருக்கு. லீசுக்கு எடுத்தால் சட்டப்படி லீஸ் நிறுவனத்துக்கு, ஏனென்றால் சொந்தக்காரர் அவர்கள். அந்தச் சலுகையை நம் கணக்கில் கழித்துத் தந்தே ஆக வேண்டும் என்று எந்தச் சட்டமும் சொல்லவில்லை. சில நிறுவனங்கள் முழுதாகக் கழித்தன, சில பாதி, சில ஒன்றுமே இல்லை.

நான் முதலில் போன ஷோரூமில் ஒரு தாளைக் காட்டினார்கள். பெரிய எழுத்தில் மாதத் தவணை மட்டும் இருந்தது. "அந்த 7,500 இதில் எந்த வரியில் இருக்கிறது?" என்று கேட்டேன். விற்பனையாளர் உள்ளே போய், கால் மணி நேரம் கழித்து வேறொரு தாளோடு வந்தார். அதில் தவணை குறைந்திருந்தது, ஆனால் 7,500 முழுதாக இல்லை. கையெழுத்துப் போடாமல் எழுந்து வந்துவிட்டேன். அடுத்த ஷோரூமில் முழுதும் கழித்த தாள் கிடைத்தது.

இது எவ்வளவு பெரிய வித்தியாசம் என்பதை முழு எண்களில் ஒரு உதாரணமாகச் சொல்கிறேன். பேசி முடித்த விலை 32,000 டாலர் என்று வையுங்கள். மூன்று வருடம் கழித்து வண்டிக்கு 15,500 டாலர் மதிப்பு இருக்கும் என்று நிறுவனம் முன்கூட்டியே தீர்மானித்திருக்கும். அதற்கு ரெசிடுவல் என்று பெயர். சலுகையைக் கழித்தால் விலை 24,500. அதிலிருந்து ரெசிடுவலைக் கழித்தால் 9,000. 36 மாதத்துக்குப் பிரித்தால் மாதம் 250. இதோடு வட்டி சேர வேண்டும். லீசில் வட்டியை சதவீதத்தில் சொல்ல மாட்டார்கள், மணி ஃபேக்டர் என்று 0.0015 போல ஒரு சின்ன எண்ணைச் சொல்வார்கள். அதை 2,400-ஆல் பெருக்கினால் ஏறக்குறைய வருட வட்டி வந்துவிடும். இங்கே 3.6 சதவீதம். சலுகை கழித்த விலையையும் ரெசிடுவலையும் கூட்டினால் 40,000. அதை 0.0015-ஆல் பெருக்கினால் மாதம் 60. ஆக 310 டாலர், மேலே வரி. இதே கணக்கை அந்த 7,500-ஐக் கழிக்காமல் போட்டுப் பாருங்கள், ஏறக்குறைய 530 வரும். அதே வண்டி, அதே மூன்று வருடம், மாதம் 220 டாலர் வித்தியாசம்.

1976-ஆம் ஆண்டின் நுகர்வோர் லீஸ் சட்டப்படி விலை, ரெசிடுவல், மொத்த வட்டித் தொகை எல்லாவற்றையும் ஒப்பந்தத்தில் காட்டியாக வேண்டும். மணி ஃபேக்டரைக் காட்ட வேண்டிய கட்டாயம் இல்லை. கேட்க வேண்டும். கேட்பதில் வெட்கமே வேண்டாம்.

இன்னொன்று, மைல் கணக்கு. வருடத்துக்கு 12,000 மைல் என்ற ஒப்பந்தத்தைத்தான் முதலில் நீட்டினார்கள். 46 மைல் பயணம், வருடத்தில் 240 வேலை நாள் என்றால் அதுவே 11,040. மீதி 960 மைலில் மளிகைக் கடை, பிள்ளைகளின் வகுப்புகள், பான்டியாக் பராசக்தி கோயில், ஒரு சிகாகோ பயணம் எல்லாம் அடங்குமா? சிகாகோ போய் வரவே 500 மைலுக்கு மேல் ஆகும். கூடுதல் மைல் ஒவ்வொன்றுக்கும் 25 சென்ட் என்று ஒப்பந்தத்தின் அடியில் எழுதியிருந்தது. ஆரம்பத்திலேயே 15,000 மைலுக்கு எடுத்தேன். மாதம் சில டாலர் கூடியது, மனம் நிம்மதியானது.

வண்டி வீட்டுக்கு வந்தது. முதல் வாரம் ஏமாற்றம்தான். ராத்திரி 9 மணிக்குச் செருகி, காலை 7 மணிக்குக் கிளம்பினால் பேட்டரி பாதிக்குக் கொஞ்சம் மேல்தான் நிறைந்திருக்கும். சாயங்காலம் வீடு திரும்பும் வழியில் என்ஜின் எழுந்துவிடும். வண்டியில்தான் ஏதோ கோளாறு என்று நினைத்தேன்.

அந்தச் சமயம் திருநெல்வேலியிலிருந்து அப்பா வந்திருந்தார். மின்வாரியத்தில் முப்பது வருடத்துக்கு மேல் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். கராஜில் நின்று சுவரையும் கேபிளையும் மாறி மாறிப் பார்த்தார்.

"எத்தன ஆம்பியர்ல ஏறுதுல?"

தெரியாது என்றேன். கையேட்டைப் புரட்டினோம். சாதாரண 120 வோல்ட் பிளக்கில் போட்டால் இந்த வண்டி பாதுகாப்புக்காக 8 ஆம்பியர்தான் எடுக்கும். காருக்குள் இருக்கும் திரையில் 12 ஆம்பியர் என்று நாம்தான் மாற்ற வேண்டும். அப்பா மனக்கணக்குப் போட்டார். 8 ஆம்பியரில் பத்து மணி நேரத்துக்கு ஒன்பதரை யூனிட். 12 ஆம்பியரில் பதினாலரை யூனிட். பேட்டரி நிறையச் சுவரிலிருந்து பதினாறு யூனிட்டுக்கு மேல் வேண்டும். வண்டியில் ஒரு குறையும் இல்லை.

மாற்றினோம். அன்று ராத்திரியே கராஜில் பிரேக்கர் விழுந்தது. அதே லைனில் எங்கள் பெரிய ஃப்ரீசரும் ஓடிக்கொண்டிருந்தது. ஃப்ரீசரை வேறு லைனுக்கு மாற்றினோம். மறுநாள் ராத்திரி பதினோரு மணிக்கு அப்பா என்னைக் கூப்பிட்டார்.

"ஏல, இந்த பிளக்கத் தொட்டுப் பாரு."

சுட்டது. பழைய சாக்கெட், உள்ளே பிடிமானம் தளர்ந்திருந்தது. மிக்சி பத்து நிமிடம் ஓடும், இஸ்திரிப் பெட்டி அரை மணி நேரம். கார் பத்து மணி நேரம் விடாமல் இழுக்கும். தளர்ந்த சாக்கெட் அதைத் தாங்காது. எலக்ட்ரீஷியனை அழைத்துத் தனி லைன் இழுத்துப் புது சாக்கெட் போட்டோம். அதன் பிறகு காலையில் பேட்டரி ஏறக்குறைய நிறைந்திருந்தது. எக்ஸ்டென்ஷன் கார்டு போட்டுச் சார்ஜ் செய்வது மட்டும் கூடவே கூடாது என்று அப்பா சொன்னதை உங்களுக்கும் சொல்லிவிடுகிறேன்.

செப்டம்பர், அக்டோபர் இரண்டு மாதமும் அருமையாகப் போயின. மின்சாரத்தில் ஓடும்போது வண்டி சத்தமே போடாது. சிக்னலில் நின்று கிளம்பும்போது வண்டி வழுக்கிக்கொண்டு போவது போல இருக்கும். ஸ்டீயரிங்கின் பின்னால் ஒரு பட்டை இருக்கும். அதை விரலால் அழுத்தினால் வேகம் குறைந்து, அந்த ஆற்றல் பேட்டரிக்குத் திரும்பும். முதன்முதலாகப் பெட்ரோல் பங்குக்குப் போனது ஏழாவது வாரம். மூடி திறக்கவில்லை, திகைத்தேன். இந்த வண்டியின் டேங்க் காற்றழுத்தத்தோடு மூடியிருக்கும். பொத்தானை அழுத்தி, அழுத்தம் இறங்கும் வரை காத்திருக்க வேண்டும். மாதக் கணக்கில் பெட்ரோல் கிடந்தாலும் ஆவியாகிப் போகாமலிருக்க அந்த ஏற்பாடு. ஆறு வாரம் என்ஜின் ஓடாவிட்டால் வண்டி தானே கொஞ்ச நேரம் அதை ஓட்டிப் பார்த்துக்கொள்ளும். டேங்கில் உள்ள பெட்ரோல் ஒரு வருடப் பழசாகிவிட்டால் அதையும் தானே எரித்துத் தீர்க்கும்.

டிசம்பரில் பனி வந்தது. மின்சாரத்தில் 53 மைல் போன வண்டி இப்போது 35 மைல்தான் போனது. குளிரில் பேட்டரி சோர்ந்துபோகும், அது ஒரு பங்கு. அதைவிடப் பெரிய பங்கு ஹீட்டருடையது. பெட்ரோல் காரில் என்ஜின் வீணாக்கும் சூட்டில் உள்ளே கதகதப்பு இலவசமாகக் கிடைக்கிறது. மின்சாரக் காரில் அந்தச் சூட்டையும் பேட்டரிதான் தர வேண்டும். வெளியே குளிர் உறைநிலையை நெருங்கினால் பேட்டரி நிறைய இருந்தாலும் என்ஜின் எழுந்து ஹீட்டருக்கு உதவும். கடுங்குளிரில் மட்டும் எழுந்தால் போதும் என்று திரையில் மாற்றிவைத்தோம். கிளம்புவதற்குக் கால் மணி முன்பு, பிளக்கில் இருக்கும்போதே சாவிப் பொத்தானால் வண்டியைச் சூடாக்கிக்கொண்டோம். அந்தச் சூட்டில் ஒரு பங்கு சுவர் மின்சாரத்தில் வருவது. வண்டிக்குள் ஹீட்டரைக் குறைத்து இருக்கைச் சூட்டைப் போட்டுக்கொண்டால் இன்னும் சில மைல் மிச்சமாகும்.

பணம் மிச்சமானதா என்றால், மிச்சமானது. ஆனால் கொட்டவில்லை. எங்கள் பகுதியில் அப்போது யூனிட் சுமார் 15 சென்ட், பெட்ரோல் காலன் சுமார் இரண்டரை டாலர். ஒரு முழு சார்ஜுக்கு இரண்டரை டாலர் ஆகும். அதே 53 மைலுக்கு எங்கள் பழைய கார் ஐந்து டாலருக்கு மேல் பெட்ரோல் குடித்தது. ஆனால் இதே வோல்ட் பெட்ரோலில் ஓடினாலும் காலனுக்கு 42 மைல் கொடுப்பதால் மூன்று டாலர் சொச்சத்தில் முடிந்துவிடும். பெட்ரோல் மலிவான அமெரிக்காவில் பிளக்கின் லாபம் பையில் மட்டும் பார்த்தால் சிறியதுதான். எங்கள் தெருவில் பிள்ளைகள் விளையாடும் நேரத்தில் புகையில்லாமல் வண்டியை உள்ளே கொண்டுவந்து நிறுத்துவது எனக்குப் பெரிதாகப் பட்டது.

ஆனால் செருகினால்தான் அது நடக்கும். 2021-இல் பதிவான கார்களின் உண்மையான ஓட்டத் தரவுகளை வைத்து ஐரோப்பிய ஆணையம் 2024-இல் ஒரு அறிக்கை வெளியிட்டது. பிளக்-இன் ஹைப்ரிட்கள் சாலையில் வெளிவிடும் கார்பன் டை ஆக்சைடு, சோதனைக்கூடக் கணக்கைப் போல மூன்றரை மடங்கு இருந்தது. எதிர்பார்த்த அளவுக்கு மக்கள் சார்ஜ் செய்து மின்சாரத்தில் ஓட்டவில்லை என்பதே காரணம். இதைப் படித்தபோது எனக்கு உண்மையிலேயே வருத்தமாக இருந்தது. செருகாத பிளக்-இன் ஹைப்ரிட், கனமான பேட்டரி ஒன்றைச் சும்மா சுமந்துகொண்டு திரியும் பெட்ரோல் கார். இரண்டு என்ஜின் காரின் விலையைக் கொடுத்துவிட்டு ஒன்றை மட்டும் ஓட்டுவது வீண்.

வோல்ட் இன்று உற்பத்தியில் இல்லை. 2018 நவம்பரில் நிறுத்தப்போவதாக அறிவித்தார்கள், 2019 பிப்ரவரியில் கடைசி வண்டி ஆலையை விட்டு வெளியே வந்தது. அந்த வரிச் சலுகையும் 2025 செப்டம்பர் 30-ஓடு முடிந்துவிட்டது. ஆனால் வேறு பிளக்-இன் ஹைப்ரிட்கள் விற்கின்றன. லீசுக்கும் கிடைக்கின்றன. அவற்றில் ஒன்றை எடுக்க நினைக்கும் நேயர்களை நான் கேட்டுக்கொள்வது இதுதான். ஷோரூமுக்குப் போகுமுன், வண்டி நிற்கும் இடத்துக்குக் கேபிள் எட்டும் தூரத்தில் பிளக் பாயிண்ட் இருக்கிறதா என்று பாருங்கள். இருந்தால் அது எந்த லைனில் இருக்கிறது என்று ஒரு எலக்ட்ரீஷியனிடம் கேளுங்கள். அடுக்குமாடியில் குடியிருந்து அப்படி ஒரு பிளக் பாயிண்ட் கிடைக்க வழியே இல்லையென்றால், சாதாரண ஹைப்ரிட்டே உங்களுக்குப் போதும். அதில் ஒரு குறைவும் இல்லை.